கார்ட்ரிட்ஜா, வெளி டேங்க்கா, கம்பெனி டேங்க்கா? மை அழுத்தத்தை வைத்து முடிவெடுப்பது எப்படி

"கையில் ஒரு கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் இருக்கிறது. அதற்கு வெளியே டேங்க் கட்டிவிடலாமா, இல்லை இதைத் தள்ளிவிட்டு இங்க் டேங்க் பிரிண்டரே வாங்கிவிடலாமா?" ஜெராக்ஸ் கடைக்காரர்கள் முதல் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டுக்காக வீட்டில் பிரிண்ட் எடுப்பவர்கள் வரை பலரும் கேட்கும் கேள்வி இது. திருப்பூர்ப் பக்கம் டிடிஎஃப் (ஃபிலிமில் படம் அடித்து, சூட்டால் துணியில் ஒட்டுவது) தொழிலில் இறங்க நினைப்பவர்களும் இதையேதான் வேறு விதமாகக் கேட்கிறார்கள்: ஏ3 பிரிண்டரை மாற்றி ஓட்டினால் போதுமா, சப்-டேங்க் (ஹெட்டுக்கு அருகே தனியாக ஒரு சிறு மைத்தொட்டி) வைத்த மெஷினே வாங்க வேண்டுமா?

கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு கணக்கோடு வருகிறார்கள். பாட்டில் என்ன விலை, எத்தனை பக்கம் வரும் என்பது அந்தக் கணக்கு. அது வேண்டியதுதான். ஆனால் மையைத் தாளில் தெறிக்கும் ஹெட் ஏன் வீணாகிறது, நிறுத்தி வைத்த பிரிண்டரில் மை ஏன் சொட்டுகிறது, பத்துப் பக்கம் பளிச்சென்று வந்தபின் பதினோராவது பக்கத்தில் ஏன் வெளுக்கிறது என்பதற்கெல்லாம் அந்தக் கணக்கில் பதில் கிடைக்காது. ஹெட்டில் மை வெளியேறும் நுண்துளையான நாசிலுக்குப் பின்னால் மை எந்த அழுத்தத்தில் நிற்கிறது, அந்த அழுத்தத்தை எது பிடித்து வைத்திருக்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. ஒரு வழியில் அந்தப் பொறுப்பு ஸ்பாஞ்சின் மேல் விழுகிறது, இன்னொன்றில் மேஜையின் உயரத்தின் மேல், மற்றொன்றில் ஒரு பம்பின் மேல். உங்கள் இடத்தில் எதை நம்பலாம் என்று பார்த்து வாங்கினால் ஹெட் பிழைக்கும்.

## நாசில் வாயில் நடப்பது

ஹெட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும் துளை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 மைக்ரான் அகலம். அந்தத் துளைக்குக் கதவு கிடையாது. மை கீழே ஒழுகாமல் நிற்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பள்ளியில் படித்த பரப்பு இழுவிசை. இன்னொன்று, பின்னால் இருந்து மையை லேசாக உள்ளே இழுத்துப் பிடித்திருக்கும் அழுத்தம். தொழிலில் இதை நெகட்டிவ் பிரஷர் என்பார்கள். வெளிக்காற்றைவிடச் சற்றே குறைந்த அழுத்தம், அவ்வளவுதான். இந்த இழுப்பு இருந்தால் துளையின் வாயில் மை உள்நோக்கிக் குழிந்து நிற்கும்.

இழுப்பு குறைந்து அழுத்தம் மேலேறினால் மை வெளியே பிதுங்கி ஹெட்டின் அடியில் படரும். பக்கத்து நிறத்தோடு கலக்கும், சொட்டும். இழுப்பு அளவுக்கு மிஞ்சினால் துளை வழியாகக் காற்று உள்ளே போகும். 20 மைக்ரான் துளை, சாதாரண மையின் பரப்பு இழுவிசை என்று வைத்துக் கணக்குப் போட்டால், அசையாமல் நிற்கும் மை அதிகபட்சம் 6 கிலோபாஸ்கல் இழுப்பைத் தாங்கும். 60 செ.மீ. உயர நீர்மட்ட வித்தியாசத்துக்குச் சமம் இது. ஓடிக்கொண்டிருக்கும் ஹெட்டில் மை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் குலுங்குவதால், பாதுகாப்பான வரம்பு இதைவிட மிகக் குறுகியது. மையின் மட்டம் 1 செ.மீ. உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ அழுத்தம் ஏறத்தாழ 0.1 கிலோபாஸ்கல் மாறும். இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்பத் திரும்ப உதவும்.

காற்று உள்ளே போனால் என்ன கெடுதல்? எப்சன் ஹெட்கள் பீஸோ வகை. ஒரு சிறு படிகத் தகடு வளைந்து மையை அழுத்தி வெளியே தள்ளுகிறது. மைக்குப் பதில் அங்கே காற்றுக் குமிழி இருந்தால், அந்த அழுத்தத்தைக் குமிழியே வாங்கிக்கொள்ளும், சொட்டு வராது. ஹெச்பி, கேனான் ஹெட்கள் வெப்ப வகை. ஒரு நுண்ணிய ஹீட்டர் மையைக் கொதிக்கவைத்துத் தெறிக்கவிடுகிறது. மை வராத இடத்தில் ஹீட்டர் வெறுமனே சூடானால் எரிந்தே போகலாம். பீஸோவில் குமிழி வெளியேறினால் நாசில் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், வெப்ப ஹெட்டில் போனது போனதுதான். மை வற்றியபின் எந்தப் பிரிண்டரையும் ஓட்டக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் அழுத்தத்தின் நிலைத்தன்மை. மை நிறைய இருக்கும்போதும் குறைந்தபின்பும் ஹெட்டில் அழுத்தம் ஒரே மாதிரி நிற்கிறதா?

அடுத்தது ஓட்டம். எழுத்து மட்டும் அடிக்கும்போது மை சொட்டுச் சொட்டாகப் போனால் போதும். முழுப் பக்கப் படம் அடித்தால் அதே டியூபும் ஃபில்டரும் பல மடங்கு மையைக் கடத்த வேண்டும். டியூபின் உள்விட்டம் பாதியானால் தடை 16 மடங்காகும். விலை குறைந்த டியூப் செட் வாங்கும்போது கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

மூன்றாவது, காற்று எந்த வழியாக நுழையும், நுழைந்தால் வெளியே எடுக்க எவ்வளவு மை செலவாகும். நான்காவது, பிரிண்டர் எத்தனை நாள் சும்மா கிடக்கும். ஐந்தாவதுதான் பக்கச் செலவு. அதிலும் க்ளீனிங்கில் வீணாகும் மை, அந்த மையை உறிஞ்சி வைக்கும் வேஸ்ட் பேட், ஹெட் எல்லாவற்றையும் சேர்த்த செலவைப் பார்க்க வேண்டும். கடைசியாக, கோளாறு வந்தால் யார் சரிசெய்வார், அதுவரை வேலை நிற்குமா என்பது.

## கார்ட்ரிட்ஜ்: அழுத்தம் டப்பாவுக்குள்ளேயே

சாதாரணக் கார்ட்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே ஸ்பாஞ்ச் இருக்கும். மை கொட்டிவிடாமல் இருக்க வைத்த பஞ்சு என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவியே அதுதான். ஸ்பாஞ்சின் நுண்துளைகள் மையைப் பிடித்து இழுப்பதால் நாசிலில் தேவையான உள்ளிழுப்பு தானாகக் கிடைக்கிறது. மேலே லேபிளுக்கு அடியில் பாம்பு போல வளைந்து ஓடும் ஒரு மெல்லிய பள்ளம் இருக்கும். வெளியேறிய மைக்குப் பதிலாகக் காற்று நுழையும் பாதை அது. ரீஃபில் செய்தபின் செல்லோடேப் ஒட்டி அந்தப் பாதையை மூடிவிட்டால், சில பக்கங்களிலேயே பிரிண்ட் வெளுத்துப் போகும். மை இருக்கும், வராது.

இன்னொரு வகையில் ஸ்பாஞ்சுக்குப் பதில் ஸ்பிரிங் வேலை செய்கிறது. 42 மி.லி. மை கொண்ட ஹெச்பி 45 கார்ட்ரிட்ஜ் இதற்குப் பெயர் பெற்றது. மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு தகடுகள், நடுவே ஸ்பிரிங். ஸ்பிரிங் பையை விரிக்கப் பார்க்கிறது, அந்த விரிப்பே உள்ளிழுப்பாகிறது. வீடுகளில் இந்தக் கார்ட்ரிட்ஜைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. ஆனால் பாக்கெட்டுகளில் தேதியும் பேட்ச் எண்ணும் அடிக்கும் கோடிங் மெஷின்களில் இந்த வகை இன்றும் ஓடுகிறது. குலுங்கும் கன்வேயர் பக்கத்தில், எந்தக் கோணத்தில் பொருத்தினாலும் அழுத்தம் பெரிதாக மாறாமல் நிற்பது அதன் பலம்.

கார்ட்ரிட்ஜின் பெரிய நன்மை, நீங்கள் எதையும் சரிபார்க்க வேண்டியதில்லை. மேஜை உயரம், டியூப், வால்வு என்று ஒன்றும் இல்லை. ஹெச்பியின் எளிய மாடல்களிலும் கேனானின் சில மாடல்களிலும் ஹெட்டே கார்ட்ரிட்ஜோடு சேர்ந்து வருகிறது. இரண்டு மாதம் கிடந்து அடைத்துக்கொண்டாலும் புதிய கார்ட்ரிட்ஜ் போட்டால் புதிய ஹெட் வந்துவிடும்.

மறைவான செலவு இரண்டு. ஸ்பாஞ்ச் காலியாகக் காலியாக மீதி மையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். கடைசி மை வெளியே வராது, ஆனால் அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறோம். கடைசிப் பக்கங்களில் அடர்த்தியான படம் அடித்தால் கோடு விழுவதும் இதனாலேயே. இரண்டாவது, பக்கச் செலவு. ஹெச்பி 803 கறுப்புக் கார்ட்ரிட்ஜின் கணக்கு 200 பக்கத்துக்கும் குறைவு. பக்கத்தில் 5 சதவீதம் அளவுக்கு எழுத்து இருந்தால் வரும் கணக்கு அது. கார்ட்ரிட்ஜில் பக்கத்துக்கு ரூபாய்க் கணக்கு, பாட்டில் மையில் பைசாக் கணக்கு.

ஊசியால் ரீஃபில் செய்வது இதற்கு நடுவழி. ஒரு முறை, இரண்டு முறை பரவாயில்லை. ஸ்பாஞ்ச் கொள்ளும் அளவுக்கு மேல் ஏற்றினால் உள்ளிழுப்பே போய்விடும், கார்ட்ரிட்ஜைத் தூக்கினாலே சொட்டும். வேகமாக ஏற்றினால் ஸ்பாஞ்சுக்குள் காற்றுப் பை சிக்கிக்கொள்ளும். ரீஃபிலை முழுநேர வழியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று யாருக்கும் நான் சொல்வதில்லை.

## வெளியே கட்டும் டேங்க்: அழுத்தம் மேஜை உயரத்தில்

கார்ட்ரிட்ஜ் இருந்த இடத்தில் டியூப் செருகிய போலிக் கார்ட்ரிட்ஜ், பிரிண்டருக்குப் பக்கத்தில் நான்கு நிற டேங்க். இதுதான் சி.ஐ.எஸ்.எஸ். இதைக் கட்டித்தரும் ஆள் ஊருக்கு ஊர் இருக்கிறார். இங்கே ஸ்பாஞ்ச் செய்த வேலையை மட்ட வித்தியாசம் செய்கிறது. டேங்க்கில் உள்ள மையின் மட்டம் ஹெட்டின் அடிப்பரப்பைவிடச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். டேங்க்கைத் தூக்கிப் பிரிண்டர் மேல் வைத்தால் மை ஹெட் வழியாக ஒழுகும். கீழ்த்தட்டில் இறக்கினால் இழுப்பு கூடிக் காற்று ஏறும். 10 செ.மீ. இறக்கினாலே 1 கிலோபாஸ்கல் கூடுதல் இழுப்பு.

அந்த டேங்க்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு அறை இருக்கும், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பெரிய அறையின் மேல் ரப்பர் மூடி, சிறிய அறையின் மேல் காற்று ஃபில்டர். இரண்டுக்கும் அடியில் ஒரு சிறு வழி. பெரிய அறையின் மூடி இறுக்கமாக இருக்கும்வரை அங்கே மை எவ்வளவு உயரம் நின்றாலும் ஹெட் அதை உணராது, சிறிய அறையின் தாழ்ந்த மட்டத்தை மட்டுமே உணரும். மை குறையக் குறையச் சிறிய அறை வழியாகக் காற்று குமிழ்விட்டுப் பெரிய அறைக்குள் போகும். 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு இயற்பியலாளர் மரியோட்டின் பெயரால் வழங்கும் குப்பியின் தத்துவம் இது. சில நூறு ரூபாய் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இவ்வளவு அழகான அழுத்தக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

கெடுவதும் இங்கேதான். மை ஊற்றும்போது சிறிய அறையை மூடாமல் பெரிய மூடியைத் திறந்தால், இரண்டு அறையிலும் மட்டம் சமமாகிவிடும். மட்டம் சில சென்டிமீட்டர் உயர்ந்ததுபோல ஹெட்டில் அழுத்தம் எகிறும். மை காற்று ஃபில்டரைத் தொட்டு நனைத்தால் அதன் பிறகு காற்று நுழையாது. முதலில் சொட்டும், சில நாள் கழித்து வறளும். ஊற்றும் வரிசை இதுதான்: சிறிய அறையை மூடு, பெரியதைத் திற, ஊற்று, பெரியதை இறுக்கி மூடு, கடைசியாகச் சிறியதைத் திற. கடைசிப் படியை மறந்தால் பத்துப் பக்கம் நன்றாக வந்து பிறகு வெளுக்கும். மேலே கேட்ட பதினோராவது பக்கத்துக்குப் பல கடைகளில் விடை இதுவே.

வெயிலும் இதில் விளையாடும். பெரிய அறையில் 60 மி.லி. காற்று இருந்து, 30 டிகிரியில் இருந்து 40 டிகிரிக்குச் சூடானால், அது விரிந்து ஏறத்தாழ 2 மி.லி. மையைச் சிறிய அறைக்குத் தள்ளும். டேங்க்கை ஜன்னலோரம் வைக்கக் கூடாது. பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் நிரப்பிக்கொண்டே இருப்பது நல்லது, உள்ளே காற்று குறைவாக இருந்தால் விரிவும் குறைவு.

மறைவான செலவுகளும் உண்டு. ஹெட்டோடு சேர்ந்து இடமும் வலமும் ஓடும் டியூப் மூடியில் உரசும், மடங்கும். பல மாடல்களில் மூடியை முழுவதும் மூட முடியாது. எப்சன் போன்றவற்றில் மை அளவைப் பிரிண்டருக்குச் சொல்லும் சிப், அதுவும் தானாக ரீசெட் ஆகும் வகை, தேவை. ஃபர்ம்வேர் (பிரிண்டருக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட் வந்தபின் சில பிரிண்டர்கள் அந்தச் சிப்பை ஏற்க மறுக்கும். வாரன்ட்டி போய்விடும். டியூபில் காற்று புகுந்தால் சிரிஞ்ச் வைத்து இழுத்து வெளியேற்றத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஆளைக் கூப்பிட வேண்டும்.

ஆனாலும் இது சரியாகப் பொருந்தும் இடம் உண்டு. வாரன்ட்டி முடிந்த, ஹெட் நல்ல நிலையில் இருக்கும் எப்சன் கார்ட்ரிட்ஜ் பிரிண்டர், அதிலும் ஆறு நிற ஃபோட்டோ மாடல் அல்லது ஏ3 மாடல் கையில் இருந்தால், தினமும் வேலை இருந்தால், கட்டிவிடலாம். ஹெட் சேர்ந்த சிறிய கார்ட்ரிட்ஜில் ஓட்டை போட்டு டியூப் சொருகுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த ஹெட் அவ்வளவு காலம் உழைக்கச் செய்யப்பட்டதில்லை.

## கம்பெனி டேங்க்: அழுத்தம் வடிவமைப்பில்

வெளியே டேங்க் கட்டும் பழக்கம் ஆசிய நாடுகளில் பெருகியதைப் பார்த்து, எப்சன் 2010இல் இந்தோனேசியாவில் தன் முதல் டேங்க் பிரிண்டர்களை விற்கத் தொடங்கியது. 2015இல் கேனான் ஜி சீரிஸ், 2016இல் ஹெச்பி ஜிடி சீரிஸ் வந்தன. தத்துவம் அதேதான், மாறியது கட்டுமானம். டேங்க்கின் உயரம், காற்று நுழையும் பாதை, டியூபின் நீளம், ஹெட்டுக்கு மேல் அழுத்த அதிர்வை வாங்கிக்கொள்ளும் டேம்பர் எல்லாம் ஒரே கணக்கில் வடிவமைத்துப் பூட்டப்பட்டவை. மேஜையில் எங்கே வைத்தாலும் டேங்க்குக்கும் ஹெட்டுக்கும் உள்ள இடைவெளி மாறாது.

பக்கக் கணக்கில் கார்ட்ரிட்ஜ் இதை நெருங்கவே முடியாது. எப்சன் 003 கறுப்பு பாட்டில் 65 மி.லி., கம்பெனி சொல்லும் கணக்கு 4,500 பக்கம். கேனான் ஜிஐ-790 கறுப்பு 135 மி.லி., 6,000 பக்கம். உங்கள் வேலை படமும் கலரும் கலந்தது என்றால் இதில் பாதிக்கும் கீழே வரும். அப்படி வந்தாலும் பைசாக் கணக்குதான்.

இனி பாட்டில் விலையில் தெரியாத செலவுகள். முதலாவது வேஸ்ட் பேட். க்ளீனிங் செய்யும் ஒவ்வொரு முறையும் உறிஞ்சிய மை அடியில் இருக்கும் பேடில் சேர்கிறது. அதைக் கணக்கு வைக்கும் கவுன்ட்டர் நிறைந்தால் பிரிண்டர் நின்றுவிடும், கேனானில் 5பி00 என்று காட்டும். பேடை மாற்றாமல் மென்பொருளால் ரீசெட் மட்டும் அடித்துக்கொண்டே போனால் ஒருநாள் மேஜையில் மை ஓடும். பின்னால் வந்த சில மாடல்களில் இந்தப் பேட் இருக்கும் மெயின்டனன்ஸ் பாக்ஸை நாமே கழற்றி மாற்றலாம். வாங்கும் முன் அது இருக்கிறதா என்று பாருங்கள், சிறிது விலை கூடினாலும் தகும்.

இரண்டாவது, மை வற்றுதல். பல மாடல்களில் டேங்க்கில் சென்சார் கிடையாது. கம்ப்யூட்டர் காட்டும் அளவு வெறும் எண்ணிக்கைக் கணக்கு. கண்ணால் கோட்டைப் பார்க்க வேண்டும். கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் டியூபில் காற்று ஏறும். அதை வெளியே தள்ளும் பெரிய க்ளீனிங் ஏராளமான மையைக் குடிக்கும், அந்த மை எல்லாம் பேடுக்குப் போகும். ஒரு முறை கவனிக்காமல் விட்டதற்கு இரண்டு இடத்தில் செலவு.

மூன்றாவது, இடம் மாற்றுதல். எல்100, எல்200 போன்ற பழைய எப்சன் மாடல்களில் பக்கவாட்டில் ஒரு திருகு வால்வு உண்டு, பிரிண்ட் நிலை, எடுத்துச் செல்லும் நிலை என்று இரண்டு. எடுத்துச் செல்லும் நிலையில் வைத்துவிட்டுத் திருப்ப மறந்து பிரிண்ட் கொடுத்தால் மை வராமல் ஹெட் வறளும். வால்வு இல்லாத மாடல்களைச் சாய்க்காமல் தூக்குவதைத் தவிர வேறு வழியில்லை. வீடு மாறும்போது வண்டியில் படுக்கவைத்து ஏற்றிய பிரிண்டர்தான் அதிகமாக ரிப்பேருக்கு வருகிறது.

நான்காவது ஹெட். எப்சனில் ஹெட் நிரந்தரமானது, போனால் அதன் விலை பிரிண்டர் விலையின் பெரும்பகுதியை விழுங்கும். கேனான் ஜி சீரிஸில் கறுப்புக்கு ஒன்று, கலருக்கு ஒன்று என்று ஹெட்டை நாமே கழற்றி மாற்றலாம். அடிக்கடி வற்றவிடும் கை என்றால் கேனானின் ஏற்பாடு உங்களைக் காப்பாற்றும். தினமும் ஒழுங்காக ஓட்டி, மையை மட்டத்தில் வைத்திருப்பவருக்கு எப்சனின் பீஸோ ஹெட் நெடுநாள் வரும்.

மாதத்துக்கு நாலு பக்கம் மட்டும் அடிப்பவருக்கு டேங்க் பிரிண்டர் ஏற்றதில்லை. ஹெட் காய்ந்து, க்ளீனிங் அடித்து அடித்து, பாட்டிலில் பாதி பேடில் போய்ச் சேரும். அவருக்குக் கார்ட்ரிட்ஜ் போதும், அல்லது பக்கத்து ஜெராக்ஸ் கடையே போதும். வாரம் ஒருமுறையாவது எல்லா நிறமும் வருகிற மாதிரி ஒரு பக்கம் அடிக்க முடியும் என்றால் டேங்க் வாங்கலாம்.

## சப்-டேங்க்கும் நெகட்டிவ் பிரஷர் பம்பும்: அழுத்தம் மின்சாரத்தில்

ஃப்ளெக்ஸ் அடிக்கும் பெரிய மெஷின்களில் கீழே லிட்டர் கணக்கில் மை நிற்கும். அதை நேராக ஹெட்டுக்கு அனுப்ப முடியாது. பம்ப் ஓடும்போது அழுத்தம் துடிக்கும், அந்தத் துடிப்பு பிரிண்டில் பட்டையாகத் தெரியும். அதனால் ஹெட்டுக்கு அருகே ஒரு சிறிய சப்-டேங்க். அதில் மிதவை சென்சார் மட்டம் குறைந்ததைச் சொன்னால் பம்ப் ஓடி நிரப்பும். நடுவே ஃபில்டர்.

சப்-டேங்க் ஹெட்டுக்கு மேலே இருப்பதால் மை தன் எடையிலேயே இறங்கிவிடும். அதைத் தடுக்க சப்-டேங்க்கின் மேல்பகுதிக் காற்றைச் சிறு பம்பால் உறிஞ்சி வைக்கிறார்கள். கணக்கு எளிது. மை மட்டம் நாசிலுக்கு 25 செ.மீ. மேலே இருந்தால் 2.5 கிலோபாஸ்கல் தள்ளுகிறது. நாசிலில் 1 கிலோபாஸ்கல் உள்ளிழுப்பு வேண்டும் என்றால் மீட்டரில் 3.5 வைக்க வேண்டும். பக்கத்துக் கடை மெஷினில் இருக்கும் எண்ணை அப்படியே வைப்பவர்கள் உண்டு. சப்-டேங்க்கின் உயரம் 10 செ.மீ. வேறுபட்டாலே அந்த எண் 1 கிலோபாஸ்கல் தவறு. ஹெட் தயாரிப்பாளர் சொல்லும் அளவை எடுத்துக்கொண்டு, உங்கள் மெஷினின் உயரத்தை அளந்து கூட்டுங்கள்.

ஓட்டத்திலும் நிலைத்தன்மையிலும் இதற்கு ஈடு இல்லை. ஆனால் கரன்ட் போனால் பம்ப் நிற்கும். சிறு கசிவு இருந்தாலும் வெற்றிடம் மெல்லக் கரையும், மை ஹெட் வழியாக இறங்கும். நெகட்டிவ் பிரஷர் பெட்டிக்குத் தனி யுபிஎஸ் இல்லாமல் இந்த மெஷினை வாங்காதீர்கள். வெற்றிடப் பைப்பில் மை ஏறிவிட்டால் பம்பே போய்விடும், அதனால் நடுவே ஒரு காலி பாட்டிலும் வேண்டும்.

டிடிஎஃப்பில் கூடுதலாக ஒரு தொல்லை, வெள்ளை மை. அதில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடின் அடர்த்தி தண்ணீரைப்போல் நான்கு மடங்குக்கு மேல். நின்றால் படியும். எப்சன் எல்1800, எல்805 போன்ற மேஜைப் பிரிண்டர்களை மாற்றி ஓட்டுபவர்கள் வெள்ளை டேங்க்கில் மையைக் கலக்கும் கருவியும், சுற்றோட்டப் பம்பும் வைக்கிறார்கள். டேங்க்கில் இருந்து டேம்பர்வரை மை சுற்றும், டேம்பரில் இருந்து நாசில்வரை சுற்றாது. ராத்திரி முழுக்க மை படிவது அந்தக் கடைசித் துண்டில். டேம்பருக்குள் இருக்கும் சல்லடை அடைத்தால் வெள்ளை மட்டும் திட்டுத் திட்டாக வரும், ஹெட் போய்விட்டது என்று நினைத்து ஹெட்டை மாற்றுவார்கள். முதலில் டேம்பரை மாற்றிப் பாருங்கள். விலை பல மடங்கு குறைவு.

நாசிலின் பின்பக்கம்வரை மை சுற்றி வரும் ஹெட்களும் உண்டு. 2007இல் வந்த, ஸார் (Xaar) நிறுவனத்தின் 1001 ஹெட் இதற்கு முன்னோடி. அடர்த்தியான மையும் குமிழிகளும் சேர்ந்து தொல்லை கொடுக்கும் செராமிக் டைல் பிரிண்டிங்கில் அது பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. சிறு பட்ஜெட் டிடிஎஃப் மெஷின்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

## ஒரே பார்வையில்

| வழி | அழுத்தத்தைப் பிடிப்பது | கனமான வேலையில் ஓட்டம் | கெடுக்கும் காரணம் | மறைவான செலவு |
|---|---|---|---|---|
| கார்ட்ரிட்ஜ் | ஸ்பாஞ்ச், ஸ்பிரிங் | குறைவு | அதிக ரீஃபில், அடைத்த காற்று வழி | வெளியே வராத மை |
| வெளி டேங்க் | மட்ட வித்தியாசம் | டியூபைப் பொறுத்தது | உயரம், வெயில், மூடி வரிசை | வாரன்ட்டி, சிப், ஆள்கூலி |
| கம்பெனி டேங்க் | பூட்டிய வடிவமைப்பு | நன்று | வற்றவிடுதல், சாய்த்தல் | வேஸ்ட் பேட், ஹெட் |
| சப்-டேங்க் | வெற்றிடப் பம்ப் | மிக நன்று | கரன்ட் தடை, தவறான அளவு | யுபிஎஸ், டேம்பர், ஃபில்டர் |

## யாருக்கு எது

வீட்டில் எப்போதாவது அடிப்பவர் கார்ட்ரிட்ஜோடு இருக்கட்டும், ஹெட் சேர்ந்த வகையாகப் பார்த்து. தினம் ஐம்பது பக்கத்துக்கு மேல் போகும் ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், இ-சேவை மையம் எல்லாவற்றுக்கும் கம்பெனி டேங்க்தான், வேறு யோசனையே வேண்டாம். இருக்கும் பிரிண்டரில் வெளி டேங்க் கட்டலாமா என்று யோசிப்பவர் முதலில் நாசில் செக் (எல்லா நாசிலும் வேலை செய்கிறதா என்று காட்டும் கோடுகள் உள்ள சோதனைத் தாள்) அடித்துப் பார்க்கட்டும். இப்போதே கோடு விடுபட்டால், பழுதான ஹெட்டுக்கு டேங்க் கட்டும் பணம் வீண்.

டிடிஎஃப்பில் இறங்குபவர்களுக்கு என் கருத்து இது. வாரத்துக்குச் சில பனியன் மட்டும் என்றால் பிரிண்டரே வாங்காதீர்கள். மீட்டர் கணக்கில் டிடிஎஃப் அடித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்கி ஹீட் பிரஸ் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தினமும் வேலை உறுதியானபின் மெஷினுக்குப் போகலாம். மாற்றிய மேஜைப் பிரிண்டர், பழகிக்கொள்ளவும் சாம்பிள் அடிக்கவும் சரி. ஆர்டர் எடுத்து நாள் குறித்துக் கொடுக்கும் தொழிலுக்கு வெள்ளைக்குத் தனியாகக் கலக்கும் கருவியும் சுற்றோட்டமும் சப்-டேங்க்கும் உள்ள மெஷின் வேண்டும்.

எந்த மெஷினாக இருந்தாலும் டெமோவில் அழகான படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். முதலில் ஒரு நாசில் செக். பிறகு முழு அடர்த்தியில் ஒரே நிறக் கட்டத்தை நிறுத்தாமல் ஒரு மீட்டர் நீளத்துக்கோ, ஏ4 என்றால் பத்துப் பக்கத்துக்கோ அடிக்கச் சொல்லுங்கள். உடனே மறுபடி நாசில் செக். முதல் தாளில் இருந்த கோடு இரண்டாவதில் விடுபட்டிருந்தால் மை ஓட்டம் போதவில்லை என்று அர்த்தம். முடிந்தால் இரவு நிறுத்திவிட்டு மறுநாள் காலை, க்ளீனிங் அடிக்காமல், மூன்றாவது நாசில் செக் எடுக்கச் சொல்லுங்கள். நிறம் கலந்து வந்தால் இரவில் மை பிதுங்கியிருக்கிறது. கோடு விடுபட்டால் காற்று ஏறியிருக்கலாம், மை காய்ந்தோ படிந்தோ இருக்கலாம், மூன்றும் உங்கள் தலையில்தான் விழும். மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபின் அட்வான்ஸ் கொடுங்கள்.